மற்றவை

குளச்சல் ஏலக்கூடத்து விலைக்கணக்கை
ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தர
ஒப்புக்கொண்டிருந்தேன்.
வடசேரியில், செருப்புக்கடை மாடியில்,
பதினோரு நாள் வேலை என்று சொல்லி.

பழைய நிரலில் மீன்கள் வரிசையில் நின்றன.
சாளை, மத்தி: ஒரே வாசல், நடுவில் ஒரு காற்புள்ளி.
கட்டுமரத்துக்காரர் சாளை என்பார்,
வடக்கேயிருந்து லாரியோடு வருகிறவர் மத்தி என்பார்,
விலைக்கு இரண்டும் ஒன்று.

புதிய மொழியில் பெயருக்குக் கீழே பெயரை
வெறுமையாய் அடுக்க வேண்டும்.
மேலே விழுந்தது கீழே வழியும்.
'நிறுத்து' என்று ஒரு சொல் விட்டுப்போனால்
அயலையைத் தாண்டி, சூரையைத் தாண்டி
வழிந்துகொண்டே போகும்.
முதல் சோதனையில் ஒரு கூடை சாளை
நெய்மீன் விலைக்கு விற்றது.
தனியாகச் சிரித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால்
இந்த மொழி சொல்லைப் பார்ப்பதில்லை,
சொல் குடியிருக்கும் கதவிலக்கத்தைப் பார்க்கிறது.
நெத்திலியும் நெத்திலியும் வேறுவேறு என்கிறது
முகம் மாறாமல்.
அதையும் திருத்தினேன்.
பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறு
நல்லவேளை தமிழுக்கு இல்லை.

ஒன்பதாம் நாள் ஆன்றோ சேவியர் கூப்பிட்டார்.
பின்னால் ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கும் சத்தம்.
"மக்கா, கொடுவாய்க்கு கழிவுமீன் வில போட்டிருக்கு.
புஷ்பலீலா சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு நிக்கா."

திரையில் பார்த்தேன்.
வந்த சொல்: கொடுவா.
கிளையிலிருந்த சொல்: கொடுவா.
கண்ணுக்கு மயிரிழை வித்தியாசம் இல்லை.
ஆனாலும் எல்லா வாசலையும் தட்டிவிட்டு
கடைசியில் 'மற்றவை'யில் போய் விழுந்திருந்தது
நாலரைக் கிலோ மீன்.

எழுத்தெழுத்தாகப் பிரித்தேன்.
நான் அடித்ததில் கொம்பும் காலும் சேர்ந்து
ஒரே குறி.
கூடத்து ஷைபின் தன் போனில் அடித்ததில்
கொம்பு தனி, கால் தனி.
பழைய மொழிக்கு இது தெரிந்திருக்கும்,
தெரிந்தும் போகட்டும் என்று விட்டிருக்கும்.
அதன் தலைப்பில் இருந்த ஒரு வரியை
தேவையற்றது என்று
இரண்டாம் நாளே நான்தான் நீக்கினேன்.

ஒப்பிடுமுன் இருவரையும்
ஒரே விதமாய் உட்காரவை என்று
ஒற்றை வரி எழுதினேன். சரியானது.
புஷ்பலீலாவுக்குச் சேரவேண்டிய மிச்சத்தை
என் கூலியில் கழிக்கச் சொன்னேன்.
ஆன்றோ வேண்டாம் என்று சொல்லவில்லை.

மிச்சமிருந்தது ஒரு கிளை.
பெயர் 'ரெக்சலின்' எனில் தரகு பூஜ்யம்.
மீன் இல்லை. வள்ளமா, ஆளா, தெரியவில்லை.
எட்டு வருடக் கணக்கில் தேடினேன்,
ஒருமுறைகூட யாரும் அந்த வாசலுக்கு வரவில்லை.

"எடுத்திரட்டா?" என்றேன்.
போனில் கொஞ்சநேரம் கடல் மட்டும் கேட்டது.
"எடுக்கண்டாம். கெடக்கட்டு."

பெயர்த்தேன்.
கொம்பு, கால், மேற்கோள் குறி எல்லாம் சரிபார்த்து,
பூஜ்யம் போட்டு,
கீழே
நிறுத்து.