மூன்றாவது இழுப்பறை

டுலூத் நகரத்தில் ஜனவரி என்றால்
ஏரியே இரும்பாகிக் கிடக்கும்.
மருத்துவமனையின் அடித்தளம், ஜன்னல் இல்லாத அறை,
காதில் ஹெட்செட்டோடு நான்:
"கட்டணப் பிரிவு, மார்லிஸ் பேசுகிறேன்,
பிறந்த தேதி சொல்லுங்கள்."

பதினாறு வருடமாக இதே வாக்கியம்.
மறுமுனையில் இருமல், நாய், கொதிக்கிற கெட்டில்,
சில சமயம் வெறும் மூச்சு.

அன்று வந்தவர் ஆர்லோ நீமி.
மாவட்டச் சாலைகளில் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவர்.
மனைவி லொரேனுக்குப் பித்தப்பையில் கல்,
கல்லோடு நிற்காமல் சீழ், ஒன்பது நாள் படுக்கை.
காப்பீட்டுக்காரர்கள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டுக்
கையைத் துடைத்துக்கொண்டார்கள்.
மீதி முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.

நான் தவணை பற்றி ஆரம்பித்தேன்.
அவர் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்திருந்தார்.

பதினோராயிரம் கையில் இருந்ததாம்.
கொதிகலன் உடைந்தால், வேலை போனால் என்று
பத்து வருடம் ஒதுக்கியது.
முப்பத்தோராயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது
அது பணமாகவே தெரியவில்லையாம்.
டிப்போவில் ஒரு பையன் போனில் காட்டினான்.
ஆப்ஷன்ஸ்.
ஒரு லித்தியம் கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள் ஏறினால்
மூன்று மடங்கு.
வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை.

"ஏறத்தான் செய்தது, மேடம்.
திங்கட்கிழமை."

மூன்றாவது இழுப்பறையில் ஒரு படிவம் இருக்கிறது,
வருமானம் போதாதவர்களுக்குத் தள்ளுபடி.
கேட்டால் கொடுக்கலாம்.
கேட்காதவருக்கு நாமாக எடுத்துச் சொல்ல வேண்டாம்.
இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை;
மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னது.
எல்லா அழைப்பும் பதிவாகிறது என்பதையும்
அதே குரலில்தான் சொன்னார்.

"மொத்தத்தையும் கிரெடிட் கார்டில் போட்டுவிடட்டுமா?
தலைவலி தீர்ந்துவிடும் இல்லையா?"

"போடாதீர்கள்."
வாயிலிருந்து விழுந்துவிட்டது. இனி அள்ள முடியாது.
"இங்கே இருக்கிறவரை உங்கள் கடனுக்கு வட்டி இல்லை.
கார்டுக்குப் போனால் இருபத்தேழு சதவீதம்,
அதோடு அது ஆஸ்பத்திரிக் கடனும் இல்லை.
கார்டுக்காரனிடம் இழுப்பறை கிடையாது."

"என்ன இழுப்பறை?"

"முதலில் வரிவரியாகப் பில் கேளுங்கள்.
இப்போதே. என்னிடம்."
"வரிவரியாகப் பில் வேண்டும்" என்றார்,
உறுதிமொழி எடுக்கிற பிள்ளை போல.
"இன்னொன்றும் கேளுங்கள்."
"என்ன கேட்கணும்?"
"கட்ட முடியாதவர்களுக்கு ஏதாவது உண்டா என்று."

நீண்ட நேரம் லாரியின் இன்ஜின் மட்டும்.
பிறகு, மெதுவாக, உண்டா என்றார்.
உண்டு என்றேன்.

பில்லில் பத்தாவது நாளுக்கும் அறை வாடகை இருந்தது.
ஒன்பதாம் நாள் காலையிலேயே
அவர்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.
ஒரே ஊசி இரண்டு பெயரில் இரண்டு முறை.
படிவம் பதினொரு பக்கம், வரிக்கணக்கு, சம்பளச் சீட்டு,
தொலைந்துபோய் மறுபடி அனுப்பிய சம்பளச் சீட்டு.
ஏப்ரலில் மீதி ஆறாயிரத்து இருநூறு.
மாதம் நூறு.

அதன் பிறகு ஒரு முறை அழைத்தார்.
"அந்தப் பதினோராயிரத்துக்கு ஏதாவது படிவம் உண்டா?"
சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.
"இல்லை, மிஸ்டர் நீமி."
"சரி. லொரேனிடம் சொல்லிவிட்டேன்.
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் என் போனை வாங்கி
அந்தச் செயலியை அழித்தாள்.
அப்புறம் காபி டப்பாவைக் கழுவி, காயவைத்து,
நாற்பது டாலர் போட்டாள்.
கொதிகலனுக்கு என்றாள்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை."

அந்த முதல் அழைப்பு எங்கோ பதிவாகிக் கிடக்கிறது.
இன்னும் யாரும் போட்டுக் கேட்கவில்லை.
நேற்று இழுப்பறையில் படிவம் தீர்ந்துவிட்டது.
மாடிக்குப் போய் நூறு பிரதி எடுத்து
மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.
தாள் இன்னும் சூடாக இருந்தது.