முப்பத்தொரு சென்ட்

இரவு பதினொன்றரைக்கு வுப்பர்டாலில்
மாப் பிசையும் இயந்திரம் சுற்றத் தொடங்குகையில்
அமெரிக்காவில் பின்நேரம் ஐந்தரை.
அங்கே ஏதோவொரு மாநிலத்தின் ஏழாம் தொகுதியில்
ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறது.
எனக்கென்ன.

எனக்கென்ன என்றுதான்
மூன்று கிழமையாகச் சொல்லிவருகிறேன்,
கைபேசியை மாச்சாக்கில் சாய்த்துவைத்தபடி.

டோரீன் ஹால்வர்சன். முப்பத்தொரு சென்ட்.
வென்றால் ஒரு டொலர், தோற்றால் பூச்சியம்.
நாங்கள் சுடும் எள்ளுப் பணிஸ் அறுபத்தைந்து சென்ட்.
ஒரு பெண் வெல்லுவாள் என்பதை
அரைப் பணிஸ் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது உலகம்.

அவளை ஏன் பிடித்ததென்றால்,
ஒரு காணொளியில், பள்ளிக்கூட மண்டபத்தில்,
ஆற்று வெள்ளத்தை எப்படி மறிப்பீர்கள் என்று யாரோ கேட்க
கொஞ்சம் யோசித்துவிட்டு "தெரியாது" என்றாள்.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.
எந்த நாட்டு மேடையிலும்
அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை
மச்சான் தயாநேசனின் கணக்கில் நாற்பது யூரோ போட்டேன்.

அது ஆள் நடமாட்டமில்லாத சந்தை.
மழை நாளில் இரண்டு கடை மட்டும் திறந்திருக்கும், அப்படி.
என் காசு போய் விழுந்த சத்தத்தில்
முப்பத்தொன்று முப்பத்தெட்டானது.

மறுநாள் கழுத்துப்பட்டி கட்டிய வல்லுநர் ஒருவர்
கோட்டுப்படத்தின் அந்த மேட்டைத் தொட்டுக்காட்டி
"இங்கே ஓர் அலை எழுகிறது" என்றார்.
கிராமப்புறப் பெண்கள் என்றார்,
ஓய்வூதியக்காரர் என்றார்,
வெள்ளம் பார்த்த மூன்று மாவட்டங்கள் என்றார்.
அவர் சொல்லச் சொல்ல நாற்பத்தொன்று.
நான் சுற்றிவரப் பார்த்தேன்.
தட்டுகளில் இருநூற்று நாற்பது பணிஸ். ஈஸ்ட் மணம்.
அலை நான்தான் ஐயா.
கிராமப்புறப் பெண்ணும் நான்தான்.

பத்தொன்பது வருடமாக இந்த நகரம்.
தேர்தல் வந்தால் விளக்குக் கம்பங்களில் முகங்கள் தொங்கும்,
வேலை முடிந்து வருகையில்
எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
வாக்கு என்றால் சொல். கொடுத்த உறுதி. பெட்டியில் போடுவது.
முதல் இரண்டும் என்னிடம் உண்டு.
மூன்றாவதை
பிறந்த ஊரில் வெட்டியாயிற்று,
இங்கே இன்னும் எழுதவில்லை.

விடியப்புறம் இரண்டரைக்கு எண்ணத் தொடங்கினார்கள்.
நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு.
கறுப்புப் பாண் அடுப்பில்.
நாற்பத்தாறில் கொஞ்ச நேரம் மூச்சுப் பிடித்து நின்றது.
'வித்துப்போடடா' என்று தயாநேசன் செய்தி போட்டான்.
விற்கவில்லை.
அலை எப்படித் தன்னை விற்கும்.

பிறகு ஏதோவொரு புறநகரின் பெட்டிகள் வந்தன.
இருபத்திரண்டு.
ஒன்பது.
மூன்று.
மூன்று சென்ட்டுக்கு எங்கள் கடையில் கடதாசிப் பைகூட இல்லை.

யார் செத்தது என்று கேட்டாள் யாஸ்மின்கா.
எனக்குத் தெரியாத ஒருத்தி
எனக்குத் தெரியாத ஊரில் தோற்றுவிட்டாள் என்றேன்.
அவள் பொஸ்னியாக்காரி,
மேலே ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு பாணைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்து
வெந்துவிட்டது, எடு என்றாள்.

தொங்கு ரயில். கீழே ஆறு,
முழங்காலளவுத் தண்ணீரோடு.
கைபேசியில் டோரீன் பேசிக்கொண்டிருந்தாள்,
சத்தமில்லை, அடியில் எழுத்து மட்டும் ஓடியது:
கடைசிக் கிழமையில் எங்கள் பின்னால் எழுந்து நின்றவர்களே,
நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

என்னையறியாமல் கை உயர்ந்துவிட்டது,
நகக்கண்ணில் மாவோடு.
எதிர் இருக்கைப் பள்ளிக்கூடப் பையன்
தனக்கென்று நினைத்துத் திரும்பக் கைகாட்டினான்.

ஹம்மர்ஸ்டைன் வந்தது, இறங்கினேன்.
நாற்பது யூரோவை
நந்தாயினியின் கொப்பியில்
எந்தச் செலவென்று எழுதுவது?