பை பார்க்கிறவள்

ஞாயிறு ஐந்தரைக்கே
தாண்டவன்வெளிக் கோயில் படலையில்
எனக்கொரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை.
பெண்களின் பைகளைத் திறப்பது என் வேலை.

யார் பைக்குள் என்னவென்று தெரியும்:
பெனடோல் அட்டை, செபமாலை,
பிள்ளைக்கு மாரி பிஸ்கட்,
நாலாய் மடித்த அடகுக்கடைத் துண்டு.
முதல் மாதம் ஒருவரும் என் முகம் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

'ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுவோம்'
என்று ஒலிபெருக்கி கேட்கும்.
உள்ளே வாங்குகள் கிறீச்சிடும், எல்லாரும் கிறுகுவார்கள்.
எனக்குக் கிறுக ஆளில்லை.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டோவுக்குள்
நஸ்ருதீன் காக்கா நித்திரை.

போன கிழமை டெல்சி ரொசைரோ பிந்தி வந்தா.
நான் கேட்குமுன் பையைத் திறந்து
ஒவ்வொன்றாய் மேசையில் வைத்தா.
கடைசியாய் ஒரு எக்ஸ்ரே உறை.
'நெஞ்சில கட்டி மகள்.
இன்னும் வீட்ட சொல்லல்ல.'

உள்ளே வாசகம் நடந்துகொண்டிருந்தது.
பூட்டின அறை. பயந்த பத்துப் பேர்.
சமாதானம் என்றாராம்,
சொன்ன கையோடு
கையைக் காட்டினாராம், விலாவைக் காட்டினாராம்.
பிரசங்கத்தில் பாதர் அதைத் தாண்டிப் போய்விட்டார்.
நான் அங்கேயே நின்றுவிட்டேன்.
காயத்தை ஒரு பை மாதிரி
அவரல்லவா முதலில் திறந்திருக்கிறார்.

டெல்சி உறையை மறந்துவிட்டுப் போய்விட்டா.
பூசை முடியுமட்டும் அது என் மடியில்.
சமாதானம் சொல்லும் நேரம் வந்தது.
எழும்பி,
ஓட்டோவைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.
காக்கா கண் முழித்து
சவாரி என்று நினைத்து
ஸ்டார்ட் பண்ணினார்.