அறுபத்தொன்று

நஸ்ரின் எறிந்தால் என் கையுறை பேசும்.
டப்.
நீடாமங்கலம் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்.
நாற்பதுக்கு மேல் அது வெறும் தப் ஆனது.
அவளுக்கு முன்னால்
என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.

பேனாவால் முழங்கால் காப்பில்
ஐந்தைந்தாகக் கோடு போடுகிறேன்.
சனிக்கிழமை கும்பகோணத்தில் அவள் எறிந்ததை
யாரும் எங்கும் எழுதவில்லை.
அது வேற டீம், வேற சட்டை.
கை மட்டும் அதே கை.

காலையிலேயே பார்த்தேன், வகிடு கோணல்.
இடது கையால் வாரியிருக்கிறாள்.
"தூக்கம் சரியில்லடி" என்றாள்.

அறுபத்தொன்று.
பந்தைத் திருப்பி எறியாமல் நடந்தேன்.
"குடுடி."
"மாட்டேன்."
"இன்னும் ரெண்டே பேர்தான்."
முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்தேன்,
சும்மா, எறும்பைத் தட்டுவதுபோல்.
அவள் கண் ஒரு கணம் மூடியது.

ஆற்றுக்கே முறை உண்டு, நஸ்ரின்.
ஆறு நாள் திறப்பார்கள், ஆறு நாள் அடைப்பார்கள்.
கடைமடைக்காரி நீ,
உனக்குத் தெரியாதா?
இப்படியெல்லாம் சொல்ல நினைத்தேன்.
சொன்னது:
"டீச்சர், ஆளை மாத்துங்க."

தோற்றோம். ஆறுக்கு நாலு.
பஸ்ஸில் என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை.
ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்;
நெல் வேகன்கள் போய்க்கொண்டே இருந்தன.
முழங்கையில் கட்டிய ஐஸ் உருகி
அவள் மடியில் சொட்டியது.

கடைசி வேகன் கடக்கும்போது
முன் சீட்டிலிருந்து, திரும்பாமல்,
ஒரு தண்ணீர் பாட்டில் பின்னால் நீண்டது.
மூடியைத் திறந்து கொடுத்தேன்.