இரண்டு மூட்டை குறைவு

ஏப்ரல். பனி உருகும் வாரம்.
பால்காஷ் ஏரிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில்
தண்டவாளத்தை விட்டுச் சாய்ந்தது வேகன்.
பத்து டன் கந்தக அமிலம்
அவசரமாய்க் கொட்டிய மணல்வரப்புக்குள்
எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது.

சரக்குச் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
தொண்ணூற்றெட்டு சதவீத அமிலம்.
ஒரு மோலின் எடையும் தொண்ணூற்றெட்டு கிராம்.
ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக
மிஞ்சியது ஒரு லட்சம் மோல்,
சில்லறையே இல்லாமல்.
விபத்து இப்படி முழு எண்ணாக வருமென்று
எந்தத் தேர்விலும் நான் நம்பியதில்லை.

ஒன்றுக்கு ஒன்று.
சலவைச் சோடா பத்து டன் அறுநூறு கிலோ.
மூட்டைக் கணக்கில் நானூற்று இருபத்து நான்கு.

கண்ணாடி ஆலையிலிருந்து லாரிகள் வந்தன.
எர்கெபுலான் மூன்று முறை எண்ணினான்.
நானூற்று இருபத்திரண்டு.
"ரெண்டுதானே, விடுங்க."
அந்த ரெண்டை அமிலமாக்கிக் காட்டினேன்:
நாற்பத்தாறு கிலோ.
உருகும் பனியோடு ஏரிவரை நடந்தே போய்விடும்.
சீட்டை வாங்கி
வகுத்தல் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

ஊரில் சலவைச் சோடா இல்லை.
சமையல் சோடா உண்டு, ஆனால் அது
இரண்டு பேராய் நின்றால்தான் ஓர் அமிலத்துக்கு ஈடு.
எழுபத்தொன்பது கிலோ, கொஞ்சம் கூட.

பேக்கரி தைஸியா ஐம்பது கிலோவை
மாவு வண்டியிலேயே தள்ளி வந்தாள்.
மற்றது டப்பா டப்பாவாய்.
மீன்துறைத் தராசில் செதில் ஒட்டியிருந்தது.
ஜிபெக் தன் அரை டப்பாவை
"பௌர்சாக் பொரிக்க வச்சிருந்தேன்" என்று
மூன்று முறை சொன்ன பிறகுதான் விட்டாள்.
டப்பாவின் எடையைக் கழித்தேன்,
உள்ளே கிடந்த கரண்டியின் எடையையும்.

இரவு முழுக்க மண்வெட்டி மண்வெட்டியாய்.
நுரை சீறியது.
நாலு டன்னுக்கு மேல் கரியமில வாயு.
"காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க!"
என் தொண்டை கட்டிவிட்டது.

விடிகாலையில் தாளை நனைத்தேன். பச்சை.
வடக்கு மூலையில் மட்டும் இன்னும் சிவப்பு.
கணக்கு சரிதான்.
சமன்பாட்டுக்குக் கலக்கத் தெரியாது, அவ்வளவே.
யாரோ படகுத் துடுப்பு கொண்டு வந்தார்கள்.

எட்டு மணிக்கு ஜிபெக் வந்தாள்.
குட்டையைப் பார்க்கவில்லை.
கரண்டியைக் கேட்டாள்.