அட

போன மாசம் வரை எனக்கு இரண்டு கறுப்பு ஜன்னல்.
இரண்டிலும் ஒரே வெள்ளை டாலர் குறி,
ஒரே மாதிரி துடிக்கிற கட்டம்.
ஒன்று சோதனை மெஷின். மற்றது
சாத்தாங்காட்டில் கன்டெய்னர் யார்டின் கேட்டைத்
திறந்து மூடுகிற நிஜ மெஷின்.

ராத்திரி ரெண்டே முக்காலுக்கு
சோதனையில் அழிப்பதாக நினைத்து
நிஜத்தில் அழித்தேன்.
என்டர் தட்டின சத்தம்கூட ஒன்றேதான்.

பேக்கப் திரும்பி வர ஐம்பது நிமிஷம்.
மூன்றாவது ஜன்னல், கொசுவலை கிழிந்தது,
அதன் வழியாக முதல் ஹாரன் வந்தது.
அதற்குப் பதில் சொல்லி இன்னொன்று.
மணலி ரோடு முழுக்க ட்ரெய்லர்கள்
என் பிழையின் பின்னால் வரிசையில் நின்றன.
யாரோ ஸ்டவ்வைப் பற்ற வைத்துவிட்டார்கள்;
டீசலோடு கருவாட்டு வாசனை.

காலையில் டீக்கடையில் கன்னியப்பன்:
"எவனோ கம்ப்யூட்டர்ல கைய வச்சிட்டான்மா,
ஒரு நடை போச்சு."
'எவனோ'வை நான் திருத்தவில்லை.
இரண்டு டீக்கும் காசு கொடுத்தேன்.

அன்று ராத்திரி
புள்ளியில் தொடங்குகிற மறைகோப்பைத் திறந்தேன்.
சோதனைக்குப் பச்சை.
நிஜத்துக்குச் சிவப்பு, ட்ரெய்லர் பின்விளக்கின்
அழுக்குச் சிவப்பு.
நிறத்துக்கு அகலமில்லை என்று
அடைப்புக்குறி போட்டுச் சொல்லாவிட்டால்
ஷெல்லுக்குக் கணக்குத் தப்பி
நீள வரி தன் முதுகின் மேலேயே ஏறிப் படுக்கிறது.
அதையும் சொன்னேன்.

டாலருக்குப் பதில் ஒரு சொல் வேண்டும்.
'நில்' வைத்தேன். புள்ளி பறந்துபோய்
வெற்றிடத்தின் தலையில் உட்கார்ந்தது.
'யோசி': கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம்,
வராத எழுத்துக்குப் போட்ட நாற்காலி.
கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று
ரேஷன் தருகிறது டெர்மினல்.

புள்ளி இல்லாமல் கொம்பு இல்லாமல் கால் இல்லாமல்
எங்கள் காலடிப்பேட்டையில் என்ன சொல் இருக்கிறது?
அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது
என் வாயே சொன்னது.

அட.

இப்போது நிஜ மெஷினுக்குள் போனால்
சிவப்பில் நிற்கிறது: அட.
கட்டளை தப்பினால், அட.
சரியாய் முடிந்தாலும் அதே அட;
தொனியை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றும் ரெண்டே முக்கால்.
அழிக்கிற வரியை முழுசாய் அடித்தாயிற்று.
என்டர் மேல் விரல்.
தூரத்தில் ஒரே ஒரு ஹாரன்.
எந்த ஜன்னல் என்று
இன்னொரு முறை பார்க்கிறேன்.

பச்சைதான்.
இருந்தாலும்.