பேட்ச் இடைவெளி

காந்திபுரம் கடையில் இது மூன்றாவது சனிக்கிழமை.
ரெண்டு பேஸ் டிரம் வைத்த கறுப்பு செட்டைக்
கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள்,
கண்ணபுரம் சந்தையில் பூச்சிக்காளை நிற்பதுபோல.
"எடுங்கம்மிணி, மெட்டலுக்கு இதுதானுங்க"
என்கிறார் வில்பிரட் அண்ணன்.
அவரிடம் வாங்குவது பெரும்பாலும் சர்ச்சுகள்.

என் கணக்கு வேறு.
எங்கள் ஷெட்டில் நாலாயிரம் பிராய்லர் குஞ்சு,
நாற்பத்திரண்டு நாள் வளர்ப்பு.
லாரி வந்து ஏற்றிப்போன பிறகு
கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து
அடுத்த பேட்ச் இறங்குவதற்குள்
பதினைந்து நாள். சில சமயம் பன்னிரண்டு.
அந்த நாட்களில்தான் நாங்கள் ஒரு பேண்ட்.

மற்ற நாளில் ஒரு சிம்பல் தெறித்தால் போதும்,
அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடும்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும்.
ஒருமுறை பார்த்திருக்கிறேன். எழுபத்தொன்று.
அது இடி, நான் இல்லை.
எண்ணி வாளியில் போட்டது நான்தான்.

ஆகவே அண்ணா,
கழற்றி ஏஸ் வண்டியில் ஏற்ற
முக்கால் மணி நேரம் தாண்டக்கூடாது.
ஒரே பேஸ் டிரம், இருபத்திரண்டு அங்குலம்.
அதற்கு ரெட்டைப் பெடல்,
காசு அங்கேதான் போக வேண்டும்.
ரெண்டு காலும் ஒரே தோலில் இறங்கினால்தான்
ரெண்டு அடிக்கும் ஒரே குரல்.
தங்கமுத்துக்கு இது புரியாது.
மேடையில் பெரிசாத் தெரியணும் என்பான்.
மேடை எங்கடா என்றால்
கிதாரை டியூன் பண்ண ஆரம்பித்துவிடுவான்.

பிர்ச்சா மேப்பிளா என்று கேட்காதீங்க.
இருநூறடி தகரக் கூரை, ரெண்டு பக்கமும் கம்பிவலை,
ஆடி மாசத்துப் பல்லடம் காற்று,
எந்த மரத்தையும் அது தன் குரலுக்கு மாற்றிவிடும்.
ஸ்னேர் மட்டும் பித்தளை.

வாசித்துப் பார்க்கச் சொன்னார். உட்கார்ந்தேன்.
ஐம்பது கிலோ தீவன மூட்டை சுமக்கிற கால்.
முதல் பதினாறு அடியில்
கடைப் பையன் செல்போனைக் கீழே வைத்தான்.
அடுத்த பதினாறில் இடதுகால் பிந்தியது.
எனக்குத் தெரிந்தது. அவனுக்கு இல்லை.

முன்பணம் கட்டிவிட்டு பஸ்ஸில் வருகிறேன்.
புதன்கிழமை குஞ்சு இறங்குகிறது.
செட் அதுவரைக்கும் கடையிலேயே இருக்கட்டும்,
பெடல் மட்டும் மடியில்.
தீவன அறையில் ஒரு மூட்டையை நிமிர்த்தி
அதன் முன்னால் மாட்டினால்
பெரிதாகச் சத்தம் வராது,
சாக்கில் ரெண்டு குழி விழும்.
இடப்பக்கக் குழி எவ்வளவு ஆழம் என்று
ராத்திரி ராத்திரி
விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.